உறுப்பு மாற்று சிகிச்சை: அமானிதத்தைக் காக்கும் கண்காணிப்பு

 

நம் குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து படப்பை வழியாக ஒரகடம் செல்லும் சாலையும் இன்று இரவு பகல் உறங்குவதில்லை. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் இளைஞர்களின் இரு சக்கர வாகனங்கள், தொழிலாளர்களை ஏற்றி வரும் பேருந்துகள், கார்களையும் உதிரிப் பாகங்களையும் சுமந்து செல்லும் கனரக லாரிகள் ஆகிய அனைத்தும் ஒரே சாலையில் ஓடுகின்றன. இவ்வட்டாரத்தில் வாழும் குடும்பங்களுள், தலையில் அடிபட்ட ஒருவருக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்த உறவினர் எவரும் இல்லாத குடும்பம் அரிது. அந்த வாசலில் சில வேளைகளில் மருத்துவர் வந்து, "மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டது" என்று சொல்கிறார். சற்று நேரத்தில் வேறொருவர் வந்து அமர்ந்து, உறுப்புக் கொடை பற்றிக் கேட்கிறார்.

அவ்வேளையில் குடும்பத்தார் எங்களைப் போன்ற இமாம்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மார்க்கச் சட்டம் பற்றியவை அல்ல. "ஹஜ்ரத், இறந்துவிட்டார் என்கிறார்கள். ஆனால் நெஞ்சு ஏறி இறங்குகிறதே? உடம்பு சூடாக இருக்கிறதே? இன்னும் ஊசி போடுகிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள், எக்கோ எடுக்கிறார்கள். இறந்தவருக்கு எதற்கு இத்தனை சோதனை? எங்களிடம் எதையோ மறைக்கிறார்களா?" என்பவையே அந்தக் கேள்விகள். இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காதபோதுதான் ஐயம் வளர்கிறது. ஐயத்தில் எடுக்கப்படும் முடிவு, சம்மதமாயினும் மறுப்பாயினும், பல ஆண்டுகள் நெஞ்சை அரிக்கும். ஆகவே ஓர் உறுப்பு ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லும் வழி நெடுகிலும் எவ்வாறு கண்காணிக்கப்படுகிறது என்பதை இங்கே விளக்க விழைகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரை ஒரு ஃபத்வா அன்று. உறுப்பு மாற்று விஷயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986-ஆம் ஆண்டு அம்மானில் கூடியபோது, மூளை முற்றிலும் மீளாதவாறு செயலிழந்துவிட்டதை மரணமாகக் கருதலாம் என்று தீர்மானித்தது. 1988-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடியபோது, நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்று சிகிச்சையை அனுமதித்தது. உறுப்பை விற்பதற்கு அங்கே இடமில்லை. இவ்விரு கூட்டங்களுக்கும் இடையே, 1987-இல், மக்காவிலுள்ள ராபித்தாவின் ஃபிக்ஹ் சபை, சுவாசக் கருவியை அகற்றுவது கூடும் என்றாலும், இதயமும் சுவாசமும் நின்ற பிறகே மரணச் சட்டங்கள் பொருந்தும் என்றது. நம் இந்தியத் துணைக்கண்டத்து உலமாக்களில் பலர் உறுப்புக் கொடையையே ஏற்கவில்லை. மருத்துவமனை சான்றிதழில் எழுதும் மரண நேரம், விதவையின் இத்தா எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பது வரை தொடர்புடையது. எனவே உங்கள் மஹல்லாவின் ஆலிம்களை நேரில் அணுகிக் கேளுங்கள். ஆனால் எந்தத் தீர்ப்பை ஏற்பவராயினும், நடப்பது என்னவென்று அறிந்த பின்னரே கேள்வி கேட்பது நன்று அன்றோ?

மூளைச்சாவு என்பது கோமா அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே நம் மக்களிடையே உள்ள பெருங்குழப்பம். கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டில் உயிர்ப்பு எஞ்சியிருக்கும். அவர் தாமாக மூச்சு விடக்கூடும். சில வேளைகளில் மீண்டும் எழுந்து வரவும் கூடும். மூளைச்சாவு அடைந்தவருக்கோ சுவாசத்தை இயக்கும் மூளைத்தண்டே செயலற்றுப் போய்விட்டது. நெஞ்சு ஏறி இறங்குவது கருவி காற்றைச் செலுத்துவதால்தான். இதயத்திற்குத் துடிப்பைத் தூண்டும் அமைப்பு அதனுள்ளேயே இருப்பதால், ஆக்சிஜன் கிடைக்கும் வரை அது துடிக்கிறது. கருவி ஓடிக்கொண்டிருந்தாலும் பெரும்பாலும் சில நாள்களுக்குள் அதுவும் நின்றுவிடும்.

இதனை உறுதி செய்யும் முறையை 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வகுத்துள்ளது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதிக்க வேண்டும். மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அரசு ஏற்ற பட்டியலிலிருந்து வரும் மற்றொருவர், நரம்பியல் நிபுணர் அல்லது சட்டம் அனுமதிக்கும் வேறொரு நிபுணர், சிகிச்சை அளித்து வந்த மருத்துவர் ஆகியோரே அந்நால்வர். உறுப்பை எடுக்கும் குழுவையோ பொருத்தும் குழுவையோ சேர்ந்தவர் எவரும் இதில் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை நினைவில் வையுங்கள். உங்கள் மகன் இறந்துவிட்டாரா என்று சோதிப்பவருக்கு, அவருடைய உறுப்பால் எந்தப் பயனும் இல்லை.

சோதனைக்கு முன்பே, மூளைச்சாவு போலத் தோற்றம் தரக்கூடிய வேறு காரணங்களை அவர்கள் விலக்கியாக வேண்டும். மயக்க மருந்து, நஞ்சு, உடல் மிகவும் குளிர்ந்து போதல், இரத்தத்தின் உப்புச்சத்துக் கோளாறு ஆகியவை அத்தகையவை. கட்டுவிரியன் கடித்தவர் கண் பாவை அசையாமல், மூச்சின்றி, மூளைச்சாவு அடைந்தவர் போலவே கிடந்து பின்னர் பிழைத்தெழுவதுண்டு என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் நன்கறிவர். அதன் பின்னரே கண்ணில் ஒளி பாய்ச்சிப் பாவை சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை அசைகிறதா, காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தினால் விழி நகர்கிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். இறுதியில் ஆக்சிஜனை மட்டும் கொடுத்தபடி சுவாசக் கருவியைத் தற்காலிகமாக விலக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இரத்தத்தில் கரியமிலவாயு பாதரச அளவில் 60 மி.மீ.க்கு ஏறும்போது, மூளைத்தண்டில் சிறிதளவு உயிர்ப்பு இருந்தாலும் அது மூச்சை இழுத்துவிடும். அப்போதும் நெஞ்சு அசையவில்லையெனில் அதைக் குறித்துக்கொண்டு, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து இவை அனைத்தையும் மீண்டும் செய்கிறார்கள். இரண்டு முறையும் ஒரே முடிவு வந்தால்தான் சான்றிதழ்.

இத்துடன் முதற் கண்காணிப்பு முடிகிறது. அது அந்த மனிதரைப் பற்றியது. குடும்பத்தார் சம்மதித்தால் அதன் பின்னர் தொடங்கும் இரண்டாம் கண்காணிப்பு உறுப்புகளைப் பற்றியது. ஊசியும் எக்கோவும் இரத்தப் பரிசோதனையும் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது.

மூளை என்பது உடலின் நிர்வாகி. அது போனதும் உடல் முழுவதும் ஒழுங்கு குலைகிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. சிறுநீரை அடக்கி வைக்கும் ஹார்மோன் சுரக்காமல் போவதால் சிறுநீர் வெள்ளமாக வெளியேறுகிறது. அதனால் இரத்தத்தில் சோடியம் ஏறுகிறது. உடலின் வெப்பம் தானாக நிலைபெறாமல் குளிரத் தொடங்குகிறது. இவற்றைக் கவனியாது விட்டால், ஐந்தாறு பேருக்குப் பயன்படவிருந்த உறுப்புகள் சில மணி நேரங்களில் பாழாகிவிடும். ஆகவே செவிலியர் அந்தப் படுக்கையருகே முன்னைவிடவும் விழிப்பாக இருக்க வேண்டியுள்ளது. மருத்துவர்கள் எளிதில் நினைவில் கொள்ள 'நூறு விதி' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். மேல் இரத்த அழுத்தம் 100-க்கு மேல், சிறுநீர் மணிக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல், இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது அது. கம்பளியால் போர்த்திச் சூடேற்றுவதும், ஹார்மோன் ஊசி செலுத்துவதும் இதற்காகவே.

ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குரிய சோதனை உண்டு. இதயத்தின் சுவர் நன்கு சுருங்கி விரிகிறதா என்று எக்கோ காட்டும். நுரையீரலுக்குத் தூய ஆக்சிஜனைச் சிறிது நேரம் கொடுத்து, அது இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளப்பார்கள். கல்லீரலுக்கு பிலிரூபின், என்ஸைம்கள், சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இல்லையென்று உறுதி செய்யப்படும். இரத்தப் பிரிவு பார்க்கப்படும். உறுப்பு யாருக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் தன் காத்திருப்போர் பட்டியலின்படி தீர்மானிக்கிறது. சம்மதத்திற்குப் பின் கொடையாளரைப் பராமரிக்கும் செலவையும் உறுப்பை எடுக்கும் செலவையும் அவருடைய குடும்பத்தாரிடம் வாங்கக் கூடாது என்பது 2014-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. எவரேனும் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம்.

இவையெல்லாம் முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகலாம். விபத்து வழக்காக இருந்தால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சேரும். ஜனாஸாவைத் தாமதப்படுத்தக் கூடாது என்று கற்ற நமக்கு இது பெரும் பாரமாகத் தோன்றும். சம்மதிக்கும் முன்னரே "உடல் எப்போது கிடைக்கும்?" என்று கேட்டு, மணிக்கணக்கில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். அது அவமரியாதை ஆகாது. உறுப்பு எடுத்த பின் உடல் சாதாரண அறுவை சிகிச்சையில் தைப்பது போலவே அடுக்கடுக்காகத் தைத்துத் தரப்படும். குளிப்பாட்டுபவர் தையல் உள்ள இடத்தில் மென்மையாகக் கை வைத்தால் போதும். கஃபனிடுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

இனி அறுவை அரங்கு. இத்தனை சோதனைகள் இருந்தும், கடைசிச் சொல் அறுவை மருத்துவரின் கண்ணுக்கும் விரலுக்குமே உரியது. கல்லீரல் செம்பழுப்பாக, ஓரம் கூர்மையாக, தொட்டால் மென்மையாக இருக்க வேண்டும். மஞ்சள் படர்ந்து விளிம்பு மழுங்கியிருந்தால் கொழுப்பு படிந்த ஈரல் என்று பொருள். ஐயம் எழுந்தால் சிறு துணுக்கை வெட்டி உடனே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில வேளைகளில், "எடுக்க வந்தோம், பயன்படாது" என்று மருத்துவர்கள் திரும்பிச் செல்வதும் உண்டு. குடும்பத்தாருக்கு இது வருத்தமளிக்கும். ஆனால் பயன்படாத உறுப்பைப் பொருத்தி இன்னோர் உயிரைப் பணயம் வைக்காதிருப்பதும் இந்தக் கண்காணிப்பின் கடமையே.

பிறகு குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலை இரத்தக் குழாய்கள் வழியாகச் செலுத்தி, உள்ளிருக்கும் இரத்தத்தைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சதர்ட் என்னும் இருவர் 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய கரைசல் உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. உறுப்பை ஒன்றனுள் ஒன்றாக அமைந்த பைகளில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி அளவில் வைக்கிறார்கள். பனிக்கட்டி நேரடியாக உறுப்பின் மீது படக் கூடாது. பட்டால் திசு உறைந்து சிதையும். இந்தக் குளிரில் செல்களின் பசி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் பசி முற்றிலும் அடங்குவதில்லை. இதயமும் நுரையீரலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். கல்லீரல் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள், சில வேளைகளில் அதற்கு மேலும் தாங்கும்.

இந்த மணிக்கணக்கின் அருமையைத் தமிழகம் கண்கூடாகக் கண்ட ஆண்டு 2008. அவ்வாண்டு செப்டம்பரில், நம் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் என்னும் பள்ளி மாணவர் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் உறுப்புகளைக் கொடையளித்தனர். அவருடைய இதயம் சென்னை தேனாம்பேட்டைப் பகுதியிலிருந்து முகப்பேரில் இருந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி அறுவை அரங்கில் இருந்தாள். போக்குவரத்துக் காவலர்கள் சாலைச் சந்திப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிட, சாதாரண நாளில் முக்கால் மணி நேரம் பிடிக்கும் பாதையை அந்த வாகனம் ஏறத்தாழ பதினொரு நிமிடங்களில் கடந்தது. அதற்குப் பின் தமிழகத்தில் உறுப்புக் கொடை பற்றிய பேச்சே மாறிற்று. 2023 செப்டம்பரில் தமிழக அரசு, உறுப்புக் கொடை அளித்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று அறிவித்தது.

ஆனால் அந்தப் பதினொரு நிமிடங்களில் பெட்டிக்குள் இருந்த இதயத்தின் நிலையை எவராலும் அறிய முடியாது. பனிப்பெட்டியின் குறை இதுவே. ஒரகடத்துக் கார் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாகம் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்குப் போகும் முன் சோதிக்கப்படும். குறையுள்ளது முன்னே செல்லாது. உறுப்பின் பயணத்திலோ, எடுக்கும் முன் நூறு சோதனை, பொருத்திய பின் நூறு சோதனை, இடையில் குருட்டு நேரம். குளிரில் உறங்கும் உறுப்பு தன் நோயைச் சொல்லாது. பொருத்தி, இரத்தம் பாய்ந்து, அது விழித்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று தெரியும். இதயமோ கல்லீரலோ ஆயின், அப்போது நோயாளியின் பழைய உறுப்பு பெரும்பாலும் உடலில் இருக்காது.

இந்தக் குருட்டு நேரத்தைப் போக்கவே இப்போது கருவிகள் வந்துள்ளன. கல்லீரலைக் குளிரவைக்காமல், உடலின் வெப்பத்திலேயே, ஒரு கருவியுள் வைத்து இரத்தத்தை அதனூடே ஓடவிடுகிறார்கள். ஈரல் பெட்டிக்குள் இருந்தபடியே வேலை செய்கிறது! மருத்துவர் அருகிலிருந்து லாக்டேட் என்னும் அமிலக்கழிவை அளக்கிறார். நல்ல ஈரல் இரண்டு மணி நேரத்துக்குள் அதனை வெகுவாகக் குறைத்துவிடும். பித்தநீர் சொட்டுகிறதா, சர்க்கரையைக் கையாள்கிறதா, இரத்தத்தின் அமிலத்தன்மை சீராக நிற்கிறதா என்று மணிக்கு மணி பார்க்கலாம். ஐரோப்பாவில் நடைபெற்று 2018-இல் வெளியான ஆய்வில், இவ்வாறு வைக்கப்பட்ட ஈரல்களில் கழித்துக் கட்டப்பட்டவை பனிப்பெட்டியில் வைத்தவற்றைவிடப் பாதியாகக் குறைந்தன. அதைவிட என் மனத்தைத் தொட்டது, பிரிட்டனின் பர்மிங்ஹாமில் நடைபெற்று 2020-இல் வெளியான ஆய்வு. எல்லா மருத்துவமனைகளும் வேண்டாம் என்று ஒதுக்கிய 31 ஈரல்களைக் கருவியில் வைத்துச் சோதித்தார்கள். அவற்றுள் 22 தேறின. 22 நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் 2021-ஆம் ஆண்டு, மூன்று நாள்கள் கருவியில் வைத்துப் பேணிய ஈரலை ஒருவருக்குப் பொருத்தினார்கள். இக்கருவிகள் விலை மிகுந்தவை. நம் நாட்டில் பெரும்பாலான உறுப்புகள் இன்றும் பனிப்பெட்டியில்தான் செல்கின்றன. ஆகவேதான் நம்மிடையே நேரமும், கொடையாளரின் படுக்கையருகே நடக்கும் அந்த முதற்சோதனைகளும் இத்துணை முக்கியமாகின்றன.

இனி உறுப்பைப் பெற்றவரின் வீட்டுக்கு வருவோம். ஒரு குடும்பம் தன் துயரத்தின் உச்சியில் நின்று ஒப்படைத்த அமானிதம் அது. அதைக் காக்கும் பொறுப்பு இப்போது மருத்துவரிடமிருந்து மெல்ல மெல்ல நோயாளியின் கைக்கும், அவர் மனைவி மக்களின் கைக்கும் மாறுகிறது.

முதல் சில நாள்கள் மருத்துவமனையில் மணிக்கு மணி சிறுநீர் அளக்கப்படும். கிரியாட்டினின் பார்க்கப்படும். இரத்தக் குழாயில் ஓட்டம் தடையின்றி உள்ளதா என்று டாப்ளர் ஸ்கேன் காட்டும். இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் சில வேளைகளில் உடனே விழிக்காது. சில நாள்கள், ஏன் சில வாரங்கள் கூட டயாலிசிஸ் தேவைப்படலாம். 'உறுப்பு பழுது, ஏமாற்றிவிட்டார்கள்' என்று அப்போது முடிவு கட்டிவிடாதீர்கள். உறங்கிய சிறுநீரகங்களில் மிகப் பல பின்னர் நன்றாக வேலை செய்கின்றன.

வீடு திரும்பிய பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. நம் உடலின் காவற்படை, புதிய உறுப்பை அந்நியன் என்றே கருதும். அதை அடக்கி வைக்கவே டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள். ஜப்பானில் சுகுபா என்னும் ஊரின் மண்ணில் கண்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-இல் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து இது. இதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும், கை நடுங்கும், சர்க்கரை ஏறும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி மிகவும் ஒடுக்கமானது. எனவேதான் அடிக்கடி இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கிறார்கள். இந்தச் சோதனைக்கு, காலை மாத்திரை விழுங்கும் முன்னர் இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். மருத்துவர் மருந்தைக் குறைப்பார். உறுப்புக்கு ஆபத்து வரும். மாத்திரையைக் கையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பின் அங்கேயே விழுங்குவதே முறை.

நிராகரிப்பின் தொடக்கத்தில் நோயாளிக்கு வலியோ காய்ச்சலோ பெரும்பாலும் இராது. "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாதாமாதம் சோதனை?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கிரியாட்டினின் ஏறுவது கூடச் சற்றுத் தாமதமாக வரும் அறிகுறிதான். ஐயம் எழுந்தால் ஊசியால் சிறு திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி தேவைப்படும். இதயம் பெற்றவர்களுக்கு முதலாண்டில் கழுத்து நரம்பின் வழியே பல முறை இவ்வாறு எடுப்பார்கள். கொடையாளரின் மரபணுத் துணுக்குகள் இரத்தத்தில் எவ்வளவு கலந்துள்ளன என்று பார்த்து, உறுப்பு சேதமடைவதை அறியும் சோதனையும் இப்போது உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2023-இல், சிறுநீரகத்தின் மீதே படியும் மெல்லிய உணர்கருவி ஒன்றை எலிகளில் பொருத்தி, உறுப்பின் வெப்பத்தில் நேரும் மாறுதலைக் கொண்டு, இரத்தச் சோதனை காட்டுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்னரே நிராகரிப்பைக் கண்டறிந்தார்கள். அது எலிகளில் நடந்த ஆய்வு. மனிதருக்கு மாத்திரை அட்டவணையும் இரத்தப் பரிசோதனையும்தான் இன்றைய வழி.

வீட்டார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. ஆனால் எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்ட ஒருவரின் அறையில் முதல் மூன்று மாதங்கள் பத்துப் பேர் கூடி அமர்ந்து, இருமிக்கொண்டே துஆ செய்வது அவருக்குத் தீங்காக முடியும். தொலைபேசியில் விசாரியுங்கள், நேரில் சென்றால் முகக்கவசத்துடன் வாசலில் நின்று ஸலாம் சொல்லித் திரும்புங்கள். உறவினர் அன்பின் மிகுதியால் கொண்டு வரும் லேகியம், கஷாயம், கருஞ்சீரக எண்ணெய் எதுவாயினும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். சிறுநீர் குறைந்தாலோ, இலேசான காய்ச்சல் வந்தாலோ, கால் வீங்கினாலோ 'நாளை பார்க்கலாம்' என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரமளான் நெருங்கும்போது இந்நோயாளிகள் எங்களிடம் வருவார்கள். அவர்களின் ஆசையை நாம் புரிந்துகொள்கிறோம். டயாலிசிஸில் கிடந்த ஆண்டுகளில் விட்ட நோன்பையெல்லாம் இப்போது பிடித்துவிட வேண்டும் என்று துடிப்பார்கள். ஆனால் டாக்ரோலிமஸ் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் விழுங்க வேண்டிய மாத்திரை. நம் ஊரில் ஸஹரிலிருந்து இஃப்தார் வரை பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆகிறது. போதாக்குறைக்கு, தண்ணீரின்றி இருப்பது சிறுநீரகத்துக்குச் சுமை. அறுவை முடிந்த முதலாண்டில் நோன்பைத் தவிர்க்கவே மருத்துவர்கள் சொல்வார்கள். அதன் பின்னர், உறுப்பு நிலைபெற்ற சிலருக்கு மாத்திரை நேரத்தை மாற்றியோ, நாளுக்கு ஒருமுறை விழுங்கும் வகையைக் கொடுத்தோ அனுமதிப்பதுண்டு. அதை மருத்துவரே சொல்ல வேண்டும். நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பது குறையன்று. குணமடைந்து பின்னர் நோற்க இயலும் என்ற நிலையுள்ளவர் களாச் செய்வார். இனி இயலாது என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னவர் ஃபித்யா கொடுப்பார்.

நோன்பு நோற்க அனுமதி பெற்றவர்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. நோன்பு நேரத்தில் இரத்தம் கொடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி, அம்மாதம் முழுவதும் பரிசோதனைக்குச் செல்லாமல் இருந்துவிடுகிறார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. மாத்திரை நேரம் மாறியிருப்பதால், எந்த நேரத்தில் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.